வேர் முடிச்சு

ரோஜாத் தோட்டத்தில் வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு முளைத்திருந்தது. மண்ணுக்குள் அதன் வேர் தட்டுப்பட்டதும் ஒரு ரோஜாச்செடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"என்ன தம்பி, வியாதியா? எனக்கும் ஒட்டிக்குமா?"

"இல்லக்கா. உள்ளே கிருமிங்க குடியிருக்கு. காத்தைப் பிடிச்சு எனக்கு உரமாக்கித் தருது."

"காத்தையா? அது சரி, உன் பூவை யார் வாங்குவாங்க?"

"யாரும் வாங்க மாட்டாங்கக்கா."

பயறு பூத்ததும் தோட்டக்காரர் அதைக் கொத்தி மண்ணிலேயே புதைத்தார். வியாதி முற்றிவிட்டது போலும் என்று ரோஜா நினைத்துக்கொண்டது. ஆனால் அந்த இடத்தில் வேரை நீட்டிப் பார்த்தபோது புதுச் சத்து ஏறியது. அந்தப் பருவத்தில் கிளை கொள்ளாமல் பூத்தது.

மறுபடியும் பயறு விதைத்தார்கள். அது இரண்டு இலை விட்டதுமே ரோஜா குனிந்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டது: "வேர்ல முடிச்சு வந்துருச்சா, கண்ணு?"