முரளிதரன் போட்ட டைம்டேபிள்

"புக்க மூடு கீர்த்தி. மணி ஒம்பதாச்சு. ராகு காலம்."

முரளிதரன் சொல்லி முடிப்பதற்குள் கீர்த்தி கெமிஸ்ட்ரி புத்தகத்தை மூடிவிட்டாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அப்பன் பேச்சைத் தட்டுவதே இல்லை.

"போய்ப் படுத்துத் தூங்கு. பத்தரைக்கு நானே எழுப்பறேன்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஒன்றில் முரளிதரன் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மாங்காய் வரத்து தொடங்கும் வரை அங்கே வேலை கிடையாது. ஐம்பது பேருக்கு ஷிஃப்ட் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? ஜனவரியிலேயே மகளுக்கு நீட் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார்.

போன வருஷம் பதினொரு மார்க்கில் சீட்டு போனது. இந்த வருஷமும் போனால் பெண் கேட்டு வந்திருந்த வேலூர் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவதாக அவரே கோபத்தில் வாய்விட்டிருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் காலண்டரைப் புரட்டினார். ராகு காலம், எமகண்டம் பார்க்காமல் படித்ததுதான் போன வருஷக் கோளாறு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதனால் இந்த வருஷம் அந்த இரண்டு நேரத்திலும் புத்தகத்துக்குத் தடை.

"தெனம் மூணு மணி நேரம் தூங்கிக்கினு கெடந்தா எவன் சீட்டு குடுப்பான்?" என்றாள் மனைவி அம்சவேணி.

"மெஷினுக்கே ரெஸ்ட் குடுக்கலன்னா பேரிங் போயிடும். மூளைக்கு வாணாமா? நீ மிக்ஸி போடாத, கொழந்த தூங்குது."

பத்தரைக்கு மகளை எழுப்பினார். அவருடைய ட்யூட்டி ஆரம்பமானது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எத்தினி பக்கம் ஆச்சு?"

"இப்பதான நைனா தொறந்தேன்."

"தொறந்து பத்து நிமிசம் ஆவுது. இத கேளு, போன வருஷம் ரேங்க் வாங்குன பொண்ணு வாட்ஸப்ல சொல்லிக்கிது..."

அந்தப் பெண் சொன்னதை முழுசாகப் படித்துக் காட்டினார். அம்சவேணி வறுத்த வேர்க்கடலையோடு வந்து, துன்னுட்டுப் படி என்று நின்றாள். அதற்குள் நகரியிலிருந்து நாகபூஷணம் மாமா வந்துவிட்டார்.

"நம்ம மாமாவுக்கு இதயத்துல நாலு ரூம் இருக்குதே, அது இன்னா இன்னான்னு சொல்லும்மா" என்றார் முரளிதரன்.

கீர்த்தி பொறுமையாகச் சொன்னாள். மாமா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். டைம்டேபிளில் கெமிஸ்ட்ரிக்கு எதிரே முரளிதரன் பெருமையோடு ஒரு டிக் போட்டார்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில். இரண்டிலிருந்து ஐந்து மணி வரை. அன்றைக்கு ராகு காலம் நாலரைக்கு. இதைக் காலண்டரில் பார்த்த நாளிலிருந்து முரளிதரனுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சை நடக்கும் காலேஜ் கேட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தயும் நாலரைக்குள்ள முடிச்சிடு. அதுக்கு மேல பேனாவத் தொடாத. கண்ண மூடிக்கினு ஏழுமலையான நெனச்சிக்கினு ஒக்காரு."

"சரி நைனா."

ரிசல்ட் வந்தது. சீட்டுக்குத் தேவையானதைவிட அறுபது மார்க் கூடுதல். முரளிதரன் அழுதேவிட்டார். அழுகை நின்றதும் சுவரிலிருந்த டைம்டேபிளை உரித்து எடுத்தார். லேமினேட் செய்ய வேண்டுமாம். பக்கத்துத் தெருவில் நான்கு பேர் ஜெராக்ஸ் கேட்டிருக்கிறார்களாம்.

"எல்லாம் ராகு காலம் பாத்துப் படிச்சதுதான். நாலரைக்கு டாண்ணு பேனாவ வெச்சிட்ட இல்ல?"

கீர்த்தி கொஞ்சம் தயங்கினாள். இனி எந்த மாப்பிள்ளையும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் வாயைத் திறந்தாள்.

"நாலரைக்கு மேலதான் நைனா ஃபிசிக்ஸே ஓடிச்சி. பழக்கம் அப்பிடி. போன வருஷத்து புக்கெல்லாம் மெத்தைக்கு அடியில வெச்சிக்கினு, நாலு மாசமா நான் படிச்சதே ராகு காலத்துலயும் எமகண்டத்துலயும்தான். மத்த நேரத்துல நீ எங்க என்னப் படிக்க உட்ட?"