கொய்யாத் துண்டு

பிளேக் வந்த வருஷம், மைசூரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை மருந்தடிக்கத் திறந்தவர்கள், பட்டினியில் துவண்டிருந்த கிளியைக் கூண்டோடு என்னிடம் கொடுத்தார்கள்.

கையை நீட்டினாலே அது மூலையில் ஒடுங்கும். தினமும் கொய்யாத் துண்டோடு அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

“பச்சக் கிளிய ஆறு நாள் பட்டினி போட்ட பாவி எவனுங்க?” என்றாள் பக்கத்தில் புதிதாகக் குடிவந்த நஞ்சம்மா. நான் இன்னொரு கொய்யாத் துண்டை நறுக்கினேன்.

மூன்றாம் மாதம், கிளி என் விரலிலிருந்து கொய்யாவை வாங்கித் தின்றது.

“பாருங்க, உங்கள நம்பிருச்சு! அதுக்குப் போய் ஏனுங்க அழுவறீங்க?”

“பூட்டினது நான்தாம்மா. கிளியையும் கூட்டிப் போலாம்னு எம்பொண்ணு ரெஜினா அழுதா. ரெண்டே நாள்ல திரும்பிடலாம்னு சொல்லி, ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். அவளும் என்னை நம்பித்தான் வந்தா. அஞ்சாம் நாள் அங்கேயே புதைச்சுட்டு வந்தேன்.”