ஐந்து மணி ஆள்

கொம்பியூட்டர் பொறுப்பாளர் பஞ்சலிங்கம் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி அலுமாரியைத் திறந்தார். பிரதி எடுக்கும் டேப் இருந்தது. பக்கத்தில் பதிவுப் புத்தகமும் இருந்தது: நாள்தோறும் மாலை நாலரை, பிரதி எடுக்கப்பட்டது, கீழே அவருடைய கையெழுத்து.

"கெதியா, பஞ்சலிங்கம். ஒப்பரேசன் மேசையிலை ஆள் கிடக்குது," என்றார் இரத்ததானச் சங்கத் தலைவர் டொக்டர் சீவரத்தினம். "ஓ நெகற்றிவ் ஆரிட்டை இருக்கெண்டு இப்ப தெரியவேணும்."

நாலாயிரம் கொடையாளர்களின் விபரமும் லண்டனிலிருந்து வந்த யூனிக்ஸ் கொம்பியூட்டருக்குள்தான் இருந்தது. காலையில் கரண்ட் போய் வந்த கையோடு அத்தனையும் அழிந்துபோயிற்று. மிஞ்சியது இந்த டேப்.

"உம்மடை பிரதி இருக்கேக்கை எனக்கென்ன பயம்."

பயமெல்லாம் பஞ்சலிங்கத்துக்குத்தான். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதுக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார். நாலு மணி வட்டுக்கோட்டை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. டொக்டரோ பின்னேரங்களில் அந்தப் பக்கமே வருவதில்லை. டேப்பின் உறையைப் பிரித்ததோடு சரி, ஒரு நாளாவது அதை அவர் மாட்டியதில்லை. இன்றோடு உத்தியோகம் போய்விடும்.

இத்தனைக்கும் சட்டம் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். 'கடவுச்சொல்லை எழுதி வைக்கக்கூடாது' என்று சுவரில் ஒட்டியவரே அவர்தான். சகல அதிகாரமும் உள்ள, பிரதி எடுக்கவும் வேண்டிய ரூட் கணக்கின் சொல்லை மட்டும், மறதிக்குப் பயந்து, விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தார்.

போன மாதம் அதனால் ஒருத்தி அகப்பட்டாள். தினமும் ஐந்து மணிக்கு யாரோ ரூட்டாக நுழைவதைக் கொம்பியூட்டரே காட்டிக் கொடுத்தது. அந்நேரம்வரை நிற்பவள் கொடையாளர் பெயர் பதியும் குருநகர் சிசிலியா மட்டும்தான்.

"உள்ளுக்கை போய் என்ன செய்தவள் எண்டு பாத்தீரோ?" என்று டொக்டர் அப்போது கேட்டார்.

"போனதே பிழைதானே ஐயா. வேலையாலை நிப்பாட்டுங்கோ."

"நான் ஒண்டும் எடுக்கேல்லை," என்றாள் சிசிலியா. பஞ்சலிங்கத்தை ஒரு தரம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

'சூட்டிலை டேப் பழுதாப் போச்சு ஐயா' என்று சொல்ல வாயைத் தயார் பண்ணிக்கொண்டு, பஞ்சலிங்கம் டேப்பை மாட்டிக் கட்டளையைத் தட்டினார்.

டேப் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்கின. அவர் நல்லூர்க் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஓ நெகற்றிவ், தில்லைநாதன், நீர்வேலி," என்று வாசித்த தட்டெழுத்தாளர் அருமைநாயகி ரெலிபோனுக்கு ஓடினாள்.

டொக்டர் பஞ்சலிங்கத்தின் முதுகில் தட்டினார். "ஒரு நாள் கூடப் பிசகேல்லை. உம்மைப் போல நாலு பேர் இருந்தால் காணும்."

"என்ரை கடமை ஐயா."

டொக்டரின் கண் பட்டியலின் அடிக்குப் போனது. நெற்றி சுருங்கியது.

"உதென்ன, போன மாதம் பதினாலாம் திகதியோடை நிக்குது? அதுக்குப் பிறகு பதிஞ்ச ஒரு பேரும் இல்லை. பதினைஞ்சிலை என்ன நடந்தது?"

ரெலிபோனை வைத்துவிட்டு வந்த அருமைநாயகிதான் சொன்னாள்.

"அண்டைக்குத்தானே ஐயா சிசிலியாவை நிப்பாட்டினியள்."