ஒரு சாண் இடைவெளி

“எலியை வளைக்குள்ள விட்டு வாயை அடைக்கிற மாதிரி, மாமனாரை உள்ளே விட்டுப் பூசறியே. உனக்கே நல்லா இருக்கா?”

மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

மருமகள் நிமிரவில்லை. தகரக் கொட்டகையின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தகரத்தின் அடிவிளிம்பு துருவேறி உதிர்ந்து, தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. செங்கல் துண்டுகளை அதில் செருகி, மேலே சிமெண்டுக் கலவையைக் கரணையால் அப்பிக்கொண்டிருந்தாள்.

“மேலே வலை போட்ட ஜன்னல் இருக்கு. ஃபேன் ஓடுது. காத்துக்கு என்ன குறைச்சல்?”

“முன்னாடி பூட்டு தொங்குதே, அதுக்கென்ன சொல்றே?”

அவள் அடுத்த செங்கல் துண்டை எடுத்தாள். எதைச் சொன்னாலும் பொழுது சாய்வதற்குள் அது கை கால் முளைத்துத் தெருக்கோடிக்குப் போய்விடும்.

மாமனார் எரிந்துபோன பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கொட்டகைதான் பட்டறை. வேலையில் கெட்டி, குடியில் அதைவிடக் கெட்டி. காலையில் உள்ளே போனால் பூட்டு, மகன் வேலை முடிந்து வந்த பிறகுதான் திறப்பு என்று ஆகி ஆறேழு மாதமாகிறது. அப்படியும் போன மாதம் பாட்டில் உள்ளே வந்துவிட்டது. ரத்தமாக வாந்தியெடுத்தார்.

“இனிமே ஒரு வாய் குடிச்சாலும் இங்கே தூக்கிட்டு வராதீங்க. எங்களால ஒண்ணும் செய்ய முடியாது” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்.

யார் கொடுத்தது? அவர் வாயே திறக்கவில்லை. மருமகள் அவருடைய கூட்டாளி பெயிண்டர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாள். அந்த ஆள் பெற்ற பிள்ளைமேல் அடித்துச் சத்தியம் செய்தான். கட்டின புருஷன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதற்கும் ஒரு சண்டை.

இப்போது நியாயம் கேட்கத் தெருவுக்கே வாய் இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் வாந்தியை ஏந்த ஒரு கை வரவில்லை.

வாசல் கேட் படாரென்று திறந்தது. நாத்தனார்.

பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, நேராகப் பின்பக்கம் வந்தாள்.

“எங்கப்பாவை உயிரோட சமாதி கட்டறியாடி?”

“அண்ணி, முதல்ல உள்ளே வாங்க. தண்ணி குடிங்க, சொல்றேன்.”

“உன் கையால பச்சைத் தண்ணிகூட வேண்டாம். கோழியைக்கூடப் பகல்ல திறந்து விடுவாங்க. பூட்டினது போதலைன்னு கீழே இருந்த கொஞ்சம் வெளிச்சத்தையும் அடைக்கிறே!”

“அதானே! நானும் அதைத்தான் கேட்டேன்” என்றது மதில்.

“ராத்திரி பகலா நான்தான் ஆஸ்பத்திரியில கிடந்தேன் அண்ணி.”

“கிடந்ததைச் சொல்லிக் காட்டறியா? நான் வந்தா எங்கப்பா முகம் எப்படி மலருது, உன்னைக் கண்டா எப்படிச் சுருங்குது? ஊருக்கே தெரியும்டி.”

மருமகளுக்குச் சுருக்கென்றது. அது பொய்யில்லை. மகள் வந்தால் அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். மருமகள் சோற்றுத் தட்டை நீட்டினால், சாவி இருக்கிற அவள் இடுப்பைத்தான் பார்ப்பார். அவரிடம் அவள் வாங்காத வசவில்லை. ஆனாலும் பூட்டினாள்.

கரணையைத் திரும்பவும் கையில் எடுத்தாள்.

நாத்தனார் அதைத் தட்டிவிட்டாள். மண்டியிட்டு, ஈரம் காயாத கடைசிச் செங்கலைப் பிடுங்கி எறிந்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டாள்.

“அப்பா! நான் வந்துட்டேன்பா. ஒரு வார்த்தை சொல்லுங்க. பூட்டை உடைச்சு இப்பவே உங்களை என்னோட கூட்டிட்டுப் போறேன்.”

ஃபேன் சத்தத்துக்கு நடுவே, தகரத்துக்கு வெகு பக்கத்தில், அவர் குரல்.

“கையை எடும்மா.”

“பயப்படாதீங்கப்பா, நான் இருக்கேன்.”

“பூட்டச் சொன்னது நான்தான். என் காலை நம்ப முடியலை. திறந்திருந்தா அது தன்னால கடைக்குப் போகுது. வெளியே யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்.”

மதில்மேலிருந்த முழங்கை மெதுவாக இறங்கி மறைந்தது.

“அவளைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க” என்று நாத்தனார் அழுதாள். “சரி, பூட்டுங்க. இந்த ஒரு சாண் இடத்தையாவது விட்டு வைக்கச் சொல்லுங்கப்பா. உங்க கையைத் தொட்டாவது பார்த்துட்டுப் போறேன்.”

உள்ளேயிருந்து ஒரு கை, மகளின் கையை மெல்ல வெளியே தள்ளியது.

“கால்ல விழுந்து கேட்டாலும் இவ ஒரு சொட்டு தர மாட்டா. நீ அப்படியில்லை. நான் கண் கலங்கினாப் போதும். போன மாசம் பாட்டிலை இந்த வழியா நீட்டினது யாருன்னு நான் இதுவரைக்கும் வாயைத் திறக்கலை. ஆனா, இன்னிக்கு நீ வர்றேன்னு இவ வந்து சொன்னதும், நீ வந்து சேர்றதுக்குள்ள இதை அடைச்சுடும்மான்னு இவளைக் கெஞ்சினேன்.”