கீழ்த்தெருவுக்கு மட்டும்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். எழுபத்தாறு வயதில் பணயம் வைக்க என்னிடம் வேறு உருப்படியான உறுப்பு இல்லை.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மழைக்காரி எங்கள் தெரு நடுவில் நின்றாள்.

மழைக்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். பேரிடர் தடுப்பு அலுவலகத்துப் பெண். அதற்கு முன் இரண்டு முறை வெள்ளம் வருகிறது என்று சொன்னாள். இரண்டு முறையும் வந்தது அவள் மட்டும்தான்.

"மேல அணையைத் திறந்துட்டாங்க. நாலு மணிக்குத் தண்ணி இங்க வந்துரும். எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க!"

கை மைக்கில் கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

வானத்தைப் பார்த்தோம். நல்ல வெயில்.

நாற்பத்தொரு வீடு. ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல்கள் மட்டும் திறந்தன.

எங்கள் தெரு ஏமாளித் தெரு இல்லை. யாராவது நல்லது சொன்னால், அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்த பிறகுதான் காது கொடுப்போம். போன மாதம் இவள் வண்ணத்தில் படம் போட்ட நோட்டீஸ் கொடுத்தாள். வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்பக்கம் போட்டிருந்ததாம். நாங்கள் பின்பக்கத்தைத்தான் பார்த்தோம், வீட்டு வரி ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா என்று. ஒன்றும் இல்லை. சந்தேகம் இரட்டிப்பானது.

நான் சலூன் நாற்காலியில் இருந்தேன், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம் நுரையோடு.

"நம்மள வெளிய அனுப்பிட்டு வீட்டை அளக்கப் போறாங்க. ரோட்டை அகலமாக்கணும்ல" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"அளந்தாக்கூடப் பரவாயில்லண்ணே. பூட்டை உடைச்சா?" என்றார் சலூன்காரர்.

மழைக்காரி மைக்கை அணைத்துவிட்டு சலூன் வாசலுக்கு வந்தாள். போன் செத்துப்போச்சு, கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள்.

கரண்ட் இல்லை என்றார் சலூன்காரர். எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்து, ரகசியமாகப் பேசினாள்.

நாங்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

"இந்தத் தெருக்காரங்க வரமாட்டாங்க சார். நல்லதாப் போச்சு. பள்ளிக்கூட மாடி ரூம் எல்லாத்தையும் கீழ்த்தெருவுக்கே குடுத்துருங்க. இவங்க காதுக்குப் போயிராமப் பாத்துக்குங்க."

கீழ்த்தெரு என்பது எங்களுக்கு முன்னால் குடிநீர்க் குழாய் வாங்கிய தெரு. அதை நாங்கள் மறக்கவில்லை.

என் தொண்டைமேல் கத்தி அப்படியே நின்றது.

"பாத்தீங்களா அநியாயத்தை! நம்ம இடத்தைத் தூக்கி அவங்களுக்குக் குடுக்குறா!"

என்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார் சலூன்காரர். கால் மணி நேரத்தில் தெரு காலி. தையல்காரர் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். முழங்கால் வலியால் ஏழு வருடம் வாசல் தாண்டாத வாத்தியார், எல்லாரையும் முந்திப் போய் மாடியில் ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஞாபக சக்தி உண்டு.

"செத்த போன்ல யார்கூடம்மா பேசுன?"

அவள் முகம் விழுந்துவிட்டது.

"அது பொய்தான் தாத்தா. தண்ணி பொய் இல்ல. எந்திரிங்க."

பொய் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு, மீதியை மட்டும் நான் எப்படி நம்புவது?

கையில் மூட்டையோடு என் மனைவி வந்தாள்.

"வர்றீங்களா? இல்ல, இங்கயே உக்காந்து வெள்ளத்தை விசாரிக்கப் போறீங்களா?"

"விசாரிக்கிறேன்" என்றேன்.

மூட்டையைப் பிரித்து மாத்திரை டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். மழைக்காரிதான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேடு ஏறும்வரை இரண்டு பேரும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தார்கள்.

மறு கன்னத்தை நானே வழித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சரியாக நான்கு மணிக்குத் தண்ணீர் வந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. அரசாங்கம் சொன்ன நேரத்துக்கு இதுவரை எது வந்திருக்கிறது?

தெரு முனையில் திரும்பி, ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்து, என் வாசலுக்கு வந்து நின்றது.

"யாரு அனுப்புனா?" என்றேன்.

என் செருப்பை மட்டும் தொட்டுப் பார்த்தது.

"கீழ்த்தெருவுக்குப் போயிட்டுத்தான இங்க வர்ற?"

தண்ணீரால் என்னை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. கலங்கிப்போயிருந்தது. நான் கண் இமைக்காமல் பார்த்தேன். சுழன்றது, முணுமுணுத்தது, பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. செருப்பைத் தவிர என் வீட்டில் ஒரு பொருளும் நனையவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு என்னை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து படகில் இறக்கினார்கள்.