கைக்கெட்டும் தூரத்தில்

"அடுத்த குறை என்னக்கா? கீபோர்டு கறுப்பா இருக்குங்கிறதா?"

டிசைனர் கேட்டதும் அறையே சிரித்தது. டெஸ்டிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அதற்காக இவ்வளவு மனசாட்சியோடா வேலை பார்ப்பது என்பதுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

"மவுஸ் சக்கரம்ப்பா. ஸ்பேஸ் பாரை அழுத்திக்கிட்டு சக்கரத்தை உருட்டினா படம் பெரிசாகுது. நல்லாருக்கு. ஆனா அதே சக்கரத்தை அமுக்கினா ஃபோல்டரே அழியுதே? உருட்டுற விரல் கொஞ்சம் அழுந்தாதா?"

"அழுந்தாம உருட்டத் தெரியாதவன் எதுக்குக்கா கம்ப்யூட்டர் பக்கம் வரான்?"

"சரி, 'நிச்சயமா அழிக்கணுமா'ன்னு கேட்குமே, அந்தக் கேள்வி எங்க போச்சு?"

"காலையில எம்.டி. எடுக்கச் சொல்லிட்டார். கேள்வி கேட்கிற சாஃப்ட்வேர் யாருக்கு வேணும்னார்."

எம்.டி.க்குக் கேள்வி கேட்கிற மனுஷர்களையே பிடிக்காது. சாஃப்ட்வேரை மட்டும் விட்டுவைப்பாரா? 'அவசரத்துக்கு எது வேண்டுமோ, அது கைக்கு எட்ட வேண்டும்' என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கீபோர்டு மூலையில் சிவனே என்று கிடந்த டெலீட்டை மவுஸுக்கே இழுத்துவந்தது அந்தத் தத்துவம்தான்.

"டெமோ முடியட்டும்க்கா, பார்த்துக்கலாம்" என்ற டிசைனர், காப்பிக் கப்போடு திரும்பி மற்றவர்களிடம் கண்ணடித்தான். "காப்பிகூடக் குடிக்காத ஜென்மம். வாழ்க்கையில ஒரு ருசியும் இல்லைன்னா இப்படித்தான், அடுத்தவன் வேலையை நோண்டத் தோணும்."

அவன் உற்சாகத்துக்குக் காரணம் இருந்தது. இன்றைய டெமோ தேறினால் வேலை நிரந்தரம். மாசமாக இருக்கும் மனைவியிடம், "சாயங்காலம் ஸ்வீட்டோட வரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். தேறாவிட்டால்? போன டிசைனரை, டெமோ பார்க்க வந்தவர் முன்னாலேயே பையைத் தூக்கவைத்து அனுப்பிய புண்ணியவான் எம்.டி.

மரச்சாமான் ஃபேக்டரி முதலாளி வந்தார். அலமாரி, கட்டில் வரைகிற சாஃப்ட்வேர் அவருக்குத்தான். டிசைனர் எல்லாவற்றையும் அமர்க்களமாகச் செய்துகாட்டினான். எம்.டி. அதைவிட அமர்க்களமாகத் தலையாட்டினார்.

"நானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?" என்ற முதலாளி, சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். "நான் தொழில் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து போட்ட டிசைன் அத்தனையும் இதுலதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல வச்சா எவனாவது சுட்டுடுவான்னு வேற எங்கயும் வைக்கிறதில்ல."

"எங்க சாஃப்ட்வேர்ல கைவச்சா எல்லாம் தானா வரும் சார்" என்றார் எம்.டி.

பென் டிரைவின் ஃபோல்டர் திரையில் விரிந்தது. முதலாளியின் இடது கை ஸ்பேஸ் பாருக்குப் போனது. வலது கை மவுஸைப் பிடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா டெஸ்டிங் அக்கா மேஜைக்குக் குறுக்கே எட்ட வேண்டும்? ஒரு கப் காப்பி கீபோர்டில் கவிழ்ந்தது. மிச்சம் முதலாளியின் பேன்ட்டில். அவர் துள்ளி எழுந்தார். அவள் பதறிப்போய்க் கம்ப்யூட்டர் வயரையும் பிடுங்கிவிட, திரையும் அணைந்தது.

"டெமோ நடக்கிற இடத்துல உங்களுக்குக் காப்பி கேட்குதா?" எம்.டி. கத்தினார். "உங்க புரமோஷனை மறந்துடுங்கம்மா!"

"தெரியாம பட்டுடுச்சு சார்" என்றாள் அவள், துடைத்துக்கொண்டே.

முதலாளிதான் பெரிய மனசு பண்ணினார். "விடுங்க. என் பட்டறையில பசை கொட்டாத நாளே இல்ல. அடுத்த வாரம் வரேன், மீதியைப் பார்க்கலாம்." பென் டிரைவைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டிசைனர் விடவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"என்மேல என்னக்கா அப்படி ஒரு பொறாமை?"

அவள் காப்பிக் கப்பை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். மாட்டிக்கொண்டவள் என்ன பதில் சொல்வாள் என்று அறை முடிவுகட்டியது.

அவன் ஆத்திரத்தோடு வேறு கீபோர்டைச் செருகினான். தன் சாஃப்ட்வேர் எவ்வளவு அருமை என்று தனக்காவது காட்டிக்கொள்ள வேண்டாமா? மாதிரிப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தான். ஸ்பேஸ் பாரை அழுத்தினான். சக்கரத்தை உருட்டினான். கோபத்தில் விரல் கொஞ்சம் அழுந்தியது.

திரை காலி. ஃபோல்டரும் காலி. மீட்டுக் கொண்டுவர என்னென்னவோ அழுத்திப் பார்த்தான். ஒன்றும் திரும்பவில்லை.

அழுந்தாமல் உருட்டத் தெரிந்த அவனுடைய விரலுக்கே இந்தக் கதி. உளியும் ரம்பமும் பிடித்துக் காய்த்துப்போன அந்த முதலாளியின் விரல் நினைவுக்கு வந்தது. அந்தப் பென் டிரைவும். வாசலைக் காட்டும் எம்.டி.யின் கையும்.

எழுந்து டெஸ்டிங் அக்காவின் இடத்துக்குப் போனான்.

"அக்கா..."

அவள் கழுவித் துடைத்த கப் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உன்னோடதுதான்ப்பா. கேட்காம எடுத்துட்டேன். அவசரத்துக்கு அதுதான் கைக்கு எட்டுச்சு."