வேலியோரத்து மண்

வீடு கட்ட வந்த மேஸ்திரி மனையில் கம்பியைக் குத்திப் பார்த்தார். அது முழங்கால் ஆழத்துக்குச் சுலபமாக இறங்கியது.

"இலை தழை மக்கின மண்ணு. இதுமேல சுவர் வச்சா ஒரே மழையில உக்காந்துரும். அள்ளிக் கொட்டுங்க."

கருத்த மண் வேலியோரம் குவிந்தது. அது இருந்த இடத்தில் சரளை வந்து இறங்கியது.

"நான் நாப்பது மைல் லாரியில வந்தவன். ஒரு சுவரத் தாங்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் என்னப்பா பொழப்பு?" என்றது சரளை.

"என்ன செய்யறதுங்க, எனக்கு உடம்பெல்லாம் ஓட்டை. மழை பெஞ்சா குடிச்சுக்குவேன், புழு வந்தா இடம் குடுப்பேன். பாரம்னா படுத்துருவேன்" என்றது மண்.

கடைக்கால் பூஜைக்கு உடைத்த பூசணிக்காயை யாரோ அந்தக் குவியலில் வீசிவிட்டுப் போனார்கள். சுவர் எழுந்தது, சரளை அடியில் புதைந்தது. குவியலில் ஒரு கொடி படர்ந்தது.

கூரை போட்டதும் ஊர்க்கண் பற்றி வீட்டுக்காரருக்குக் கவலை வந்தது. மேஸ்திரி கொடியிலிருந்த பெரிய காயைப் பறித்து, மீசையும் கோரைப்பல்லும் வரைந்து வாசலில் கட்டினார்.

"மேல என்னப்பா சத்தம்?" என்றது அடியிலிருந்த சரளை.

"வீட்டைக் காப்பாத்த ஒருத்தரை நிறுத்தியிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் அவரைத்தான் நிமிந்து பாக்கறாங்க" என்றது வேலியோரத்து மண்.

சரளையின் குரலில் மரியாதை வந்தது. "பெரிய ஆளாத்தான் இருக்கும். எந்த லாரியில வந்தாரு?"

"லாரி ஏதுங்க. நேத்து வரைக்கும் என் மடியிலதான் கெடந்தாரு."